குழாயில் ஊறும் எண்ணெய்

பல் முளைக்கும் பருவத்தில் குழந்தைகள் கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பார்கள். அப்படிக் கடிபடும் மெத்தென்ற பிளாஸ்டிக் பொம்மைகளில் டி.இ.எச்.பி. என்ற தாலேட் வகை வேதிப்பொருள் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கா 2008இல் சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இலேயே தற்காலிகத் தடை விதித்து, 2005இல் அதை நிரந்தரமாக்கியிருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பொம்மைத் தரங்களிலும் தாலேட்டுகளுக்கு வரம்பு உண்டு. இதே வேதிப்பொருள், ஏழாம் மாதத்தில் பிறந்து ஒரு கிலோ எடையோடு இன்குபேட்டருக்குள் கிடக்கும் சிசுவின் உடலில் பொருத்தப்படும் குழாயில் 20 முதல் 40 சதவீதம் வரை இருக்கலாம். பொம்மை நாக்கோடு நின்றுவிடும். குழாய் ரத்த நாளத்துக்குள்ளேயே போகிறது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், பொம்மை இல்லாமல் குழந்தை பிழைக்கும், குழாய் இல்லாமல் பிழைக்காது என்பது. மறுக்க முடியாத உண்மைதான். ஆனால் அந்த விளக்கம் குழாயையும் குழாயில் கலந்திருப்பதையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறது. சிசுவைக் காப்பாற்றுவது குழாய். அதில் கலந்த டி.இ.எச்.பி.க்கு, ஒரே ஓர் இடத்தைத் தவிர, அந்த வேலையில் பங்கில்லை. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால், பத்தாண்டுக் கணக்கில் தேங்கிக் கிடக்கும் இந்த விவாதத்தில் பெரும்பகுதி தேவையற்றது என்பது புரியும்.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பார்த்தாலே தெரியும். அதை விரலில் சுற்றும் அளவுக்கு வளையச் செய்ய, நெகிழ்வூட்டி எனப்படும் எண்ணெய் போன்ற திரவத்தைக் கலக்கிறார்கள். மருத்துவச் சாதனங்களில் நெடுங்காலமாக அந்த இடத்தில் இருப்பது டி.இ.எச்.பி. மலிவானது; குழாய் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்; வளைத்தால் மடிந்து அடைத்துக்கொள்ளாது. சிக்கல் என்னவென்றால், இது பி.வி.சி.யோடு வேதிப் பிணைப்பு எதுவும் கொள்வதில்லை. ஊறுகாய் ஜாடியில் மாங்காய்த் துண்டுகளுக்கு நடுவே நிற்கும் நல்லெண்ணெயைப் போல, இடைவெளிகளில் தங்கியிருக்கிறது. வழி கிடைத்தால் வெளியேறுகிறது. நீரில் அநேகமாகக் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும். எனவே குழாய்க்குள் ஓடுவது உப்புநீரா, ரத்தமா, கொழுப்புக் கரைசலா என்பதைப் பொறுத்து வெளியேறும் அளவு தலைகீழாக மாறும். சூடு கூடினால், குழாய் நீண்டால், திரவம் அதிக நேரம் தங்கினால் இன்னும் கூடும். இது ஆய்வகத்துக் கருவிக்கு மட்டும் தெரிகிற சங்கதி அல்ல. மூக்கு வழியாக வயிற்றுக்குள் போடும் பி.வி.சி. உணவுக் குழாய் சில நாட்களில் விறைத்துப் போவதும், அதனால் அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதும் தெரிந்த விஷயம். விறைப்பதற்குக் காரணம் குழாயிலிருந்த நெகிழ்வூட்டி வெளியேறிவிட்டதுதான். வெளியேறியதில் ஒரு பங்கு குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது நேற்றல்ல. கண்ணாடிப் புட்டியில் ரத்தம் சேமித்த காலத்தை முடித்துவைத்த பிளாஸ்டிக் ரத்தப் பையை கார்ல் வால்ட்டரும் வில்லியம் மர்ஃபியும் உருவாக்கியது 1950 வாக்கில். இருபது ஆண்டுகள் கழித்து, 1970இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ருடால்ஃப் யேகரும் ராபர்ட் ரூபினும் அந்தப் பைகளில் சேமித்த ரத்தத்தில் நெகிழ்வூட்டி கலந்திருப்பதைக் காட்டினார்கள். 1972இல் வெளிவந்த அவர்களது அடுத்த கட்டுரை, ரத்தம் ஏற்றப்பட்ட மனிதர்களின் திசுக்களிலும் அது இருப்பதைப் பதிவுசெய்தது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) இந்தப் பொருளைப் பற்றி முழுமையான பாதுகாப்பு மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது 2001இல். இடையில் முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளில்தான் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உலகெங்கும் பெருகின. ஒரு கிலோவுக்கும் குறைவான சிசுக்கள் பிழைக்கத் தொடங்கின. ஒரே சிசுவின் உடலோடு ஐந்தாறு குழாய்களை இணைப்பது சாதாரணமானது.

அந்த 2001ஆம் ஆண்டு மதிப்பீட்டை நிதானமாகப் படித்தால், பயப்படுகிறவர்களுக்கும் அலட்சியப்படுத்துகிறவர்களுக்கும் சேர்த்தே பதில் இருக்கிறது. ரத்த நாளம் வழியாக உள்ளே போகும் டி.இ.எச்.பி.க்குப் பொறுக்கத்தக்க அளவாக அது வைத்தது, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.6 மில்லிகிராம். சாதாரண டிரிப் வழியாகச் சேர்வது அதிகபட்சம் 0.03 மில்லிகிராம், அதாவது வரம்பில் இருபதில் ஒரு பங்கு. இதற்காக யாரும் தூக்கம் கெடத் தேவையில்லை. வாய்வழி உணவு எடுக்க முடியாத சிசுவுக்கு நாளம் வழியாகக் கொழுப்புச் சத்தோடு முழு ஊட்டமும் கொடுக்கும்போது அந்த அளவு 2.5 மில்லிகிராம் ஆகிறது. வரம்பைப் போல நான்கு மடங்கு. இதயமும் நுரையீரலும் ஓய்வெடுக்க வெளியே இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுற்றவிடும் எக்மோ சிகிச்சையில் 14 மில்லிகிராம். கடுமையான மஞ்சள் காமாலையில் சிசுவின் ரத்தத்தையே மாற்றும் ரத்தப் பரிமாற்றத்தில் 22.6 மில்லிகிராம், ஏறக்குறைய 38 மடங்கு. இவை உச்ச மதிப்பீடுகள், எல்லாச் சிசுவுக்கும் இவ்வளவு போகிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. ஆனாலும் ஒப்பிட்டுப் பாருங்கள்: சாதாரண மனிதர் உணவு, காற்று என்று எல்லா வழியிலும் ஒரு நாளில் பெறுவதாகக் கணிக்கப்பட்டது ஒரு கிலோவுக்கு 3 முதல் 30 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம்.

காகிதக் கணக்கு மட்டும்தானா, உடலில் அப்படித்தான் நடக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. பாஸ்டன் நகரின் இரண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 54 சிசுக்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. டி.இ.எச்.பி. உடைந்து உருவாகும் எம்.இ.எச்.பி. என்ற பொருளைச் சிறுநீரில் அளந்தார்கள். சாதனங்கள் குறைவாகப் பயன்பட்ட குழந்தைகளிடம் அதன் இடைநிலை அளவு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம், நடுத்தரப் பயன்பாட்டில் 28, அதிகப் பயன்பாட்டில் 86. மருத்துவமனை வேறுபாட்டையும் ஆண், பெண் வேறுபாட்டையும் கழித்த பிறகும் மேல்தட்டுக் குழுவின் அளவு கீழ்த்தட்டைப் போல ஐந்து மடங்கு. படிப்படியாக ஏறும் இந்த வரிசை, பொருள் எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

உள்ளே போவது வேறு, கெடுப்பது வேறு என்று வாதிடலாம். இங்கேதான் பச்சிளம் உடலின் தனித்தன்மையைக் கவனிக்க வேண்டும். பெரியவர்களின் கல்லீரல் எம்.இ.எச்.பி.யை இன்னொரு பொருளோடு இணைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். அந்த இணைப்பு வேலைக்கான நொதிகள் பிறந்த குழந்தையிடம், அதிலும் குறைமாதக் குழந்தையிடம், இன்னும் முதிர்ந்திருக்காது. சிசுவைச் சுருக்கிய பெரியவராக நினைத்து மருத்துவம் முன்பும் சறுக்கியிருக்கிறது. குழாய்களைக் கழுவிவிடும் உப்புநீரில் கிருமி வளராதிருக்க பென்சைல் ஆல்கஹால் சேர்ப்பது ஒரு காலத்தில் வழக்கம். பெரியவர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. குறைமாதச் சிசுக்கள் மூச்சுக்குத் திணறி இறந்தன. இரண்டு மையங்களில் நடந்த 16 மரணங்களைச் சுட்டிக்காட்டி 1982இல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விடுத்தது. அதற்குப் பிறகு நாளத்துக்குள் குழாய் போடுவதையோ அதைக் கழுவுவதையோ யாரும் நிறுத்தவில்லை. பென்சைல் ஆல்கஹாலை மட்டும் எடுத்தார்கள். டி.இ.எச்.பி. விஷயத்தில் தீங்கு அப்படி வெளிப்படையாக, சில நாட்களில், மரணமாக வந்து நிற்பதில்லை. அதனாலேயே முடிவெடுப்பது தள்ளிக்கொண்டே போகிறது.

தீங்குக்கான சான்று எவ்வளவு உறுதியானது? விலங்குகளில் மிக உறுதி: வளரும் ஆண் எலிகளின் விரைகளை டி.இ.எச்.பி. பாதிக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைக்கிறது. இதை வைத்து அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2006 அறிக்கையில், தீவிர சிகிச்சை பெறும் ஆண் சிசுக்களின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சி குறித்துத் தன் அளவுகோலின் உச்சப் படியான ‘கடும் கவலை’யைத் தெரிவித்தது. மனிதர்களில் சான்றுகள் குறைவு, இருப்பவை கவனிக்கத்தக்கவை. ஜெர்மனியின் ஹானோவரில் நாளம் வழி ஊட்டம் பெற்ற சிசுக்களிடையே, பி.வி.சி. குழாய்கள் இருந்த காலத்தில் 50 சதவீதத்தினருக்குப் பித்தத் தேக்கம் வந்தது. டி.இ.எச்.பி. இல்லாத குழாய்களுக்கு மாறிய பிறகு அது 13 சதவீதமாகச் சரிந்ததாக 2009இல் வெளியிட்டார்கள். பெல்ஜியத்தின் லூவனில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வந்த 449 பேரை நான்கு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, அவர்களிடம் காணப்பட்ட கவனக் குறைபாட்டில் ஏறத்தாழ பாதியை, சிகிச்சைக் காலத்தில் ரத்தத்தில் இருந்த தாலேட் அளவு விளக்குவதாகக் கணக்கிட்டது. ஹானோவர் ஆய்வு முன்பு, பின்பு என்ற ஒப்பீடு. இடைப்பட்ட ஆண்டுகளில் சிகிச்சையின் மற்ற அம்சங்களும் முன்னேறியிருக்கலாம். லூவன் ஆய்வில், நோய் கடுமையான குழந்தைக்குத்தான் குழாயும் அதிகம் என்ற பின்னல் இருக்கிறது. எவ்வளவு புள்ளியியல் சரிக்கட்டல் செய்தாலும் அதை முழுதாகப் பிரித்துவிட முடியாது. இவற்றைத் தீர்ப்பாக அல்ல, வலுவான சந்தேகமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எதிர்த் தரப்பின் சான்றையும் மறைக்கக் கூடாது. சிசுப் பருவத்தில் எக்மோ சிகிச்சை பெற்ற 19 பேரை வளரிளம் பருவத்தில் பரிசோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ச்சியிலும் பூப்பிலும் ஹார்மோன் அளவுகளிலும் குறிப்பிடத்தக்க கோளாறு எதையும் காணவில்லை. மிக அதிக அளவு டி.இ.எச்.பி. பெற்றவர்கள் இவர்கள், ஆறுதல் தரும் முடிவு. ஆனால் 19 பேரில் காணாததை வைத்து லட்சக்கணக்கானவர்களுக்கு உறுதி கூற முடியாது. தவிர, அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் எக்மோ தாங்கக்கூடிய எடையோடு பிறந்தவர்கள். 28 வாரத்தில் பிறந்து பல வாரங்கள் குழாய்களோடு வாழும் சிசுவின் நிலை வேறு. இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. ஆண் கருவின் பிறப்புறுப்பு வடிவம் பெறும் முக்கியக் கட்டம் கர்ப்பத்தின் முதல் 14 வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே கருவுற்ற எலிக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையை, அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பிறந்த சிசுவுக்கு அப்படியே பொருத்துவது தவறு. இதை ஏற்கத்தான் வேண்டும். பிறப்புறுப்புக் குறைபாட்டைக் காட்டி எச்சரிப்பவர்கள் இந்தக் கால வேறுபாட்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஆயினும் ஆண் குழந்தைக்குப் பிறந்த முதல் சில மாதங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஒருமுறை உயர்ந்து அடங்குகிறது. விரையின் செல்கள் அப்போதும் பெருகிக்கொண்டிருக்கின்றன. மூளை, நுரையீரல், கல்லீரல் மூன்றும் கருப்பைக்குள் நடந்திருக்க வேண்டிய வளர்ச்சியை வெளியே முடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கதவு மூடிவிட்டது என்பதால் மற்றவையும் மூடிவிட்டதாகாது.

உயிர் முதலில், வேதிப்பொருள் அப்புறம் என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் வலிமையானது. எஃப்.டி.ஏ. 2002இல் மருத்துவமனைகளுக்கு வெளியிட்ட அறிவிப்பிலேயே, தேவையான சிகிச்சையைச் செய்யாமல் விடுவதன் ஆபத்து டி.இ.எச்.பி.யின் ஆபத்தைவிட மிகப் பெரியது என்று அழுத்திச் சொல்லியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு எந்தப் பெற்றோரும் ‘என் குழந்தைக்கு அந்தக் குழாயைப் போடாதீர்கள்’ என்று சொல்லக் கூடாது. ஆனால் அதே அறிவிப்பு, மாற்று இருக்கும் இடங்களில், அதிகம் வெளியேற்றும் சிகிச்சைகளின்போது, ஆண் சிசுக்களுக்கு மாற்றைப் பயன்படுத்தும்படியும் பரிந்துரைத்தது. பலர் முதல் பாதியை மேற்கோள் காட்டி இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். சிசுவுக்குத் தேவை வளையும் குழாய். சிலிக்கோன், பாலியூரிதேன் குழாய்களுக்கு நெகிழ்வூட்டியே தேவையில்லை. அவை வயிற்றுக்குள் விறைத்துப் போவதுமில்லை. நாளம் வழி ஊட்டக் கரைசலை இ.வி.ஏ. என்ற வேறு பிளாஸ்டிக் பையில் வைக்கலாம். எக்மோ குழாய்களின் உட்புறத்தில் ஹெப்பாரின் பூசினால் வெளியேற்றம் குறையும்.

மேலே ஒரே ஓர் இடம் என்று குறிப்பிட்டது ரத்தப் பையை. இது விநோதமான கதை. பையிலிருந்து ரத்தத்துக்குள் கசியும் டி.இ.எச்.பி. சிவப்பணுக்களின் உறையில் போய் உட்கார்ந்து அவை உடையாமல் காக்கிறது. சிவப்பணுக்களை 42 நாள்வரை சேமிக்க முடிவதில் அதற்கும் பங்கு உண்டு. கசிவே இங்கே பயனாகிவிட்டது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உள்நாட்டிலேயே ரத்தப் பைத் தொழில்நுட்பத்தை உருவாக்கித் தொழிற்சாலைக்கு மாற்றிக்கொடுத்த பிறகுதான் இந்தியாவில் இந்தப் பை மலிவாகப் பரவியது. அதைக் குறைத்துப் பேச முடியாது. மாற்று நெகிழ்வூட்டிகள் கொண்ட பைகளும் வந்துவிட்டன. ஆனால் சேமிப்புக் காலத்தைக் குறைக்காமல் எல்லாப் பைகளையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. ரத்தம் கிடைக்காமல் போவது யாருக்கும் நல்லதல்ல. அதுவரை சிசுக்களுக்குச் செய்யக்கூடியது எளிது: பையில் ரத்தம் கிடக்கும் நாள் கூடக் கூட டி.இ.எச்.பி. கூடும் என்பதால், கிடைப்பதில் புதிய ரத்தத்தை அவர்களுக்கு ஒதுக்கலாம். எஃப்.டி.ஏ.வும் இதையே சொன்னது. ரத்தப் பையில் உள்ள இந்த உண்மையான சிக்கலைக் காட்டி, அத்தகைய சிக்கல் எதுவும் இல்லாத உணவுக் குழாயையும் ஊட்டக் குழாயையும் மாற்றாமல் வைத்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மாற்று மட்டும் பத்தரைமாற்றுத் தங்கமா என்ற சந்தேகம் வரும். வர வேண்டும். பிளாஸ்டிக் வரலாற்றில் ஒரு பொருளை நீக்கி, அதன் ஒன்றுவிட்ட உறவையே அந்த இடத்தில் அமர்த்திய உதாரணங்கள் உண்டு. பால்புட்டிகளில் பிஸ்பீனால் ஏ போய் பிஸ்பீனால் எஸ் வந்தது போல. அந்த பிஸ்பீனால் ஏ-வும் சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருக்கிறது: 2009இல் வெளியான ஆய்வு 42 குறைமாதச் சிசுக்களின் சிறுநீரில் அதன் சராசரி அளவு லிட்டருக்கு 30.3 மைக்ரோகிராம், அதாவது பொதுமக்களைப் போலச் சுமார் பத்து மடங்கு என்று கண்டது. ஒரு பொருளை மட்டும் துரத்துவது போதாது என்பது சரி. ஆனால் மாற்றுகளை ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது: எது எவ்வளவு வெளியேறுகிறது என்பது. டி.ஓ.டி.எம். போன்ற மாற்று நெகிழ்வூட்டிகளின் பெரிய மூலக்கூறுகள் பி.வி.சி.யை விட்டு எளிதில் நகர்வதில்லை. கொழுப்புக் கரைசலில் டி.இ.எச்.பி.யைவிட மிகக் குறைவாகவே வெளியேறுகின்றன. வெளியேறாத பொருளின் நச்சுத்தன்மை பற்றிய அறியாமை, தாராளமாக வெளியேறும் பொருளின் நச்சுத்தன்மை பற்றிய அறிவைவிட ஆபத்து குறைந்தது. அதோடு, டி.இ.எச்.பி.யும் சிசுக்களுக்குப் பாதுகாப்பானது என்று நிரூபித்துவிட்டு உள்ளே வந்ததல்ல. புதியவரிடம் மட்டும் நற்சான்றிதழ் கேட்பது பழையவருக்குக் காட்டும் சலுகை.

சட்டங்கள் மெல்ல நகர்ந்திருக்கின்றன. பிரான்ஸ் 2012இல் சட்டம் இயற்றி, குழந்தைகள், பச்சிளங்குழந்தை, மகப்பேறு பிரிவுகளில் டி.இ.எச்.பி. கலந்த குழாய்களை 2015 ஜூலை முதல் தடைசெய்தது. அங்கே சிசு சிகிச்சை நின்றுவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய பொருள் 0.1 சதவீதத்தைத் தாண்டினால், ஏன் தவிர்க்க முடியாது என்று தயாரிப்பாளர் காரணம் காட்ட வேண்டும், உறையிலும் அச்சிட வேண்டும். கலிஃபோர்னியா 2024இல் போட்ட சட்டம் நாளத் திரவப் பைகளுக்கு 2030ஐயும் குழாய்களுக்கு 2035ஐயும் கெடுவாக வைத்து, ரத்தப் பைகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. மேலே சொன்ன பிரிவினையை ஒத்த ஏற்பாடுதான். ஆனால் 2035 என்பது முதல் கண்டுபிடிப்பிலிருந்து 65 ஆண்டுகள்.

உலகச் சுகாதார நிறுவனம் பங்கேற்ற கணிப்பின்படி 2020இல் இந்தியாவில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சுமார் 30 லட்சம். உலகில் எந்த நாட்டையும்விட அதிகம். மாவட்ட மருத்துவமனைகளின் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் வந்த பிறகு இவர்களில் பிழைப்போர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பிழைப்பவர்கள் கூடக் கூட, அவர்கள் எப்படி வளர்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. விலை ஒரு தடை என்பார்கள். எல்லா மருத்துவமனையின் எல்லாக் குழாயையும் மாற்றினால் செலவு பெரிதுதான்; எஃப்.டி.ஏ.வின் எண்களோ அது தேவையில்லை என்கின்றன. பெரியவர்களின் உப்புநீர் டிரிப் இருந்துவிட்டுப் போகட்டும். மாற்ற வேண்டியது தீவிர சிகிச்சையில் உள்ள சிசுக்களுக்கான சில சாதனங்களை மட்டும். டி.இ.எச்.பி. இல்லாத குழாய்கள் இந்தியச் சந்தையிலேயே கிடைக்கின்றன. மருத்துவருக்கோ செவிலியருக்கோ இதில் பங்கு குறைவு. களஞ்சிய அறையில் இருப்பதைத்தான் அவர்கள் எடுப்பார்கள். அங்கே என்ன இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது டெண்டர் படிவத்தின் தொழில்நுட்ப விவரக் குறிப்பு. அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாகக் கொள்முதல் செய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற அமைப்பு ஒன்று, சிசுப் பிரிவுக்கான பொருட்களில் மட்டும் ‘டி.இ.எச்.பி. இல்லாதது’ என்று இரண்டு சொல் சேர்த்துக் கேட்டால், விற்பவர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள். கேட்க வேண்டிய வரிசையும் தெளிவு: முதலில் கொழுப்புக் கரைசல் ஓடும் குழாயும் பையும், அடுத்து மூக்குவழி உணவுக் குழாய், பிறகு ரத்தம் ஏற்றும் குழாயும் எக்மோ குழாய்களும்.